பதினைந்து வயதாகாத முயல்

ஒரு காட்டில் ஓர் ஆறு. ஆற்றுக்கு நடுவில் ஒரு திட்டு. காட்டுக்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் பலகை வைக்க வேண்டும். பலகை வைத்தால் திறந்துவைக்க ஆள் கூப்பிட வேண்டும். அந்தத் தொல்லையே வேண்டாம் என்று காடு தன் பாட்டுக்குக் கிடந்தது.

திட்டில் புல் நன்றாக வளரும். அதனால் முயல், கீரி, அணில், எலி என்று சின்ன உயிர்கள் எல்லாம் அங்கேதான் குடியிருந்தன. நல்ல புல் ஏன் எப்போதும் ஆபத்தான இடத்தில் முளைக்கிறது என்று என்னைக் கேட்காதே. முளைக்கிறது, அவ்வளவுதான்.

ஆபத்து என்பது ஆறு. மற்ற நாளில் கணுக்கால் நனையாமல் திட்டுக்குப் போய் வரலாம். மலையில் மழை பெய்தால் கதை வேறு. இங்கே வெயில் காயும்போதே அங்கே கொட்டியிருக்கும். தண்ணீர் சொல்லாமல் வரும். வந்தால் திட்டைச் சுற்றிக்கொள்ளும். பிறகு திட்டின் மேலேயே ஏறும்.

முயலுக்கு நீச்சல் தானாக வரும் என்று எழுதிவைத்திருப்பார்கள். எழுதியவன் அந்தத் திட்டுக்கு வந்ததில்லை. அங்கிருந்த முயல்களுக்குப் பயம் வந்தால் ஒரே பழக்கம்தான். நாலு காலையும் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு உருண்டையாகிவிடும். கூட இருந்து கூட இருந்து கீரிக்கும் அணிலுக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. புல்லுக்குள் அது நல்ல பழக்கம்தான். பருந்து பார்த்தால் கல் என்று நினைத்துப் போய்விடும். தண்ணீரும் கல் என்றே நினைத்தது.

போன வருஷம் அப்படிக் கல்லாகிப் போனவர்களில் கோரையின் அம்மாவும் ஒருத்தி. கோரை என்பது ஒரு பெண் முயல். வயது ஒன்றரை. அன்றைக்கு அவள் கரையில் மேய்ந்துகொண்டிருந்ததால் பிழைத்தாள். அம்மா உருண்டையாகி முங்கியதைக் கரையிலிருந்து பார்த்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே எண்ணம். அடுத்த வெள்ளத்துக்குள் நீந்தக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நேராகப் புலிராஜாவிடம் போனாள். சின்ன உயிர் புலிக்கு முன்னால் போய் நிற்பது லேசான காரியம் இல்லை. நின்றாள்.

"ராஜா, எங்களுக்கு நீச்சல் சொல்லிக்குடுக்க ஒரு ஆள் போடுங்க."

புலி சாப்பிட்டு முடித்திருந்தது. நல்ல காலம்.

"இளசுகள் கற்றுக்கொள்ள ஆசைப்படுகின்றன. மகிழ்ச்சி. ஒரு இளைஞர் வளர்ச்சி மன்றம் ஆரம்பிக்கச் சொல்கிறேன்" என்றது.

"மன்றம் எதுக்கு ராஜா? ஒரு நீர்நாய் போதும்."

"மன்றம் இல்லாமல் எப்படி நீந்துவது?" என்று புலி கேட்டது. அது உண்மையாகவே சந்தேகமாகத்தான் கேட்டது.

மன்றத்துக்குச் செயலாளராக நரி வக்கணை நியமிக்கப்பட்டான். அவனுக்கு அனுபவம் உண்டு. ஒரு காலத்தில் ஊருக்குள் மனிதர்களின் இளைஞர் மன்றம் ஒன்றின் பின்சுவர் ஓரமாகக் குடியிருந்தான். விழா முடிந்தால் பிரியாணி எலும்பு விழும். எலும்பைக் கடித்துக்கொண்டே சுவரில் எழுதியிருந்த விதிகளை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டான். எழுத்து பிசகாமல் அதைக் காட்டுக்குக் கொண்டுவந்தான்.

முதல் விதி: வயது பதினைந்து முதல் இருபத்தொன்பது வரை.

ஊரில் அது சரி. காட்டில் முயலுக்குப் பத்து வயதானால் அது ஊர் அறிந்த அதிசயம். கீரிக்கும் ஏறக்குறைய அதே கதி. எலிக்கு இரண்டே அதிகம். இதெல்லாம் வக்கணைக்குத் தெரியாதா? தெரியும். அவனுக்கே வயது எட்டு. ஆனால் விதி சுவரில் எழுதியிருந்தது. சுவரில் எழுதியதை மாற்ற நரி யார்?

சேர்க்கை மருத மரத்தடியில் நடந்தது. விடிவதற்குள் கோரை வந்து முதல் ஆளாக நின்றாள். பின்னால் குரங்கு வால் நீளத்துக்கு வரிசை.

"பேரு?"

"கோரை."

"வயசு?"

"ஒன்றரை."

வக்கணை நிமிர்ந்து பார்த்தான். "பதினஞ்சு ஆகட்டும், வா."

"அண்ணாச்சி, எங்க வம்சத்துலயே பதினஞ்சைப் பார்த்தவங்க கிடையாது."

"முயற்சி பண்ணணும் பிள்ளே. முயலாமலே முடியாதுன்னு சொல்லக் கூடாது."

"அதுக்குள்ள செத்துப்போயிருவேன்லா?"

"செத்தவங்களைச் சேர்க்க விதியில இடமில்ல. அடுத்தது!"

அடுத்தது கீரி. வயது மூன்று. போ. அடுத்தது அணில். போ. ஒரு எலிக்குஞ்சு, வயது மாதக் கணக்கில்தான் சொல்ல முடியும். அதைப் பார்த்து வக்கணை சிரித்தேவிட்டான். வெயில் ஏறுவதற்குள் வரிசை மொத்தமும் திரும்பிப் போனது. வயதுத் தகுதியோடு வந்தது ஒரே ஒரு முதலை. நீச்சலில் ஆர்வம் உண்டு என்றது. செயலாளர் இரண்டு கிளை மேலே ஏறி நின்று, இடம் நிரம்பிவிட்டது என்றார்.

இடம் காலியாகத்தான் இருந்தது. இளைஞர்களே இல்லாமல் இளைஞர் மன்றம் நடத்த முடியாது. வக்கணை தேடப் புறப்பட்டான்.

மலைக் குகையில் தேனப்பன் என்ற கரடி கிடந்தது. பல் ஒன்றுகூட இல்லை. ஒரு கண்ணில் புரை. கொள்ளுப் பேத்திகளே குட்டி போட்டுவிட்டார்கள். பகல் முழுக்கத் தூங்கும். முழிப்பு வந்தால் திரும்பிப் படுக்கும்.

"உங்களுக்கு வயசு என்ன?" என்றான் வக்கணை.

"இருபத்தேழுன்னு சொல்லுவாங்க. ஏன், சாவு விசாரிக்க வந்தியா?"

"வாழ்த்துகள் தம்பி! நீங்க இளைஞர்."

"யாரு தம்பி?"

"நீங்கதான்."

"ஏலே, நீ பொறக்கும்போதே எனக்குப் பல்லு ஆட ஆரம்பிச்சாச்சு."

"அதெல்லாம் மனசுல வச்சுக்கிடாதீங்க. நீங்கதான் இந்தக் காட்டோட எதிர்காலம். எழுந்திரிங்க."

எதிர்காலம் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இடுப்புப் பிடிப்பு.

இன்னொரு இளைஞர் கருமந்திக் கிழவர். வயது இருபத்திரண்டு. காது கேட்காது. நீச்சல் பயிற்சி என்றதும் "காய்ச்சலுக்கு மருந்தா, கொண்டா" என்று கையை நீட்டினார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். மன்றத்துக்கு ஆள் சேர்ந்தாயிற்று.

கோரை மறுபடியும் வந்து நின்றாள். இந்தத் தடவை அவளுடைய சித்தப்பா மகன் முரண்டனும் கூட வந்தான். முரண்டன் படித்தவன் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் எதிர்ப்பான். பெரும்பாலும் அவன் சொல்வதுதான் சரியாக இருக்கும். அதனால் அவனை யாருக்கும் பிடிக்காது.

"அண்ணாச்சி, சேர்க்க வேண்டாம். ஓரமா நின்னு பாத்துக்கிடுதோம்" என்றாள் கோரை.

வக்கணை யோசித்தான். நீச்சல் முகாம் என்றால் விழா உண்டு, விழாவுக்கு ஆள் வேண்டும். மேடைக்கு எதிரே வெறும் மணல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

"பங்கேற்பாளராச் சேர்க்க முடியாது. கைதட்டுக் குழுன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு வயசு வரம்பு கிடையாது."

"அதுல என்ன வேலை?"

"பேருக்கேத்த வேலைதான்."

முரண்டனுக்குக் காது விறைத்துவிட்டது. "பாத்தியா கோரை? நீச்சல் கேட்டுப் போனவ நீ. உன்னையக் கைதட்டச் சொல்லுதான். கிழட்டுக் கரடி நீந்துமாம், நாம தட்டணுமாம். வெக்கமா இல்ல?"

"வெக்கம் இருக்கு. வெள்ளமும் இருக்குல்லாண்ணே. கிட்டத்துல இருந்தா நாலு விஷயம் கண்ணுல படும்."

"ஒண்ணும் படாது. எழுதி வச்சுக்கோ. இவங்க ஒண்ணும் சொல்லித்தர மாட்டாங்க."

"அப்ப நீ வரலியா?"

"வருவேன். தட்ட மாட்டேன்."

திட்டில் ஒத்திகை நடந்த அன்று முதல் சிக்கல் வந்தது. முயலுக்கு உள்ளங்கால் முழுக்க ரோமம். இரண்டு முன்னங்காலையும் சேர்த்துத் தட்டினால் பஞ்சைப் பஞ்சால் அடித்த மாதிரி ஒரு சத்தமும் இல்லை. அணிலும் அப்படியே. கீரிக்கு நகம் இருந்தது, கீச் என்றது. வக்கணை முகம் சுளித்தான்.

"இது என்ன, விழாவா இழவு வீடா?"

பக்கத்தில் ஒரு பட்டுப்போன இலவமரம் விழுந்து கிடந்தது. உள்ளே கரையான் தின்று கூடாகிவிட்ட மரம். வக்கணை அதை ஒரு உதை உதைத்துப் பார்த்தான். தவில் மாதிரி அதிர்ந்தது.

"ஆச்சு! எல்லாரும் இதுமேல வரிசையாக் கவுந்து படுங்க. வயிறு மரத்துல இருக்கட்டும். தலை மேடையைப் பாக்கட்டும். முன்னங்காலைத் தட்டுங்க. பின்னங்காலால மரத்தை உதைங்க. ரெண்டும் ஒண்ணா நடக்கணும். தலைவர் 'வளர்ச்சி'ன்னு சொன்னதும் நான் வாலைத் தூக்குவேன். வாலு இறங்குற வரைக்கும் நிறுத்தக் கூடாது. எங்க, வளர்ச்சி!"

படபடவென்று மரம் அதிர்ந்தது. மேட்டில் இருந்த மைனாக் கூட்டம் பறந்து போனது.

"பிரமாதம்! வளர்ச்சி!"

மறுபடி படபட. மறுபடி வளர்ச்சி. அன்றைக்கு மாலைக்குள் சின்ன உயிர்களுக்குத் தொடை கல்லாகிவிட்டது. கோரை ராத்திரி தூக்கத்திலும் உதைத்தாள். யாரோ கனவில் வளர்ச்சி என்று சொல்லியிருக்க வேண்டும்.

முரண்டன் மரத்தின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வக்கணை கண்டுகொள்ளவில்லை. எல்லாக் கூட்டத்திலும் இப்படி ஒன்று இருக்கும்.

விழா தொடங்கியது. மூங்கிலை வரிந்து கட்டி, மேலே நாணல் பரப்பி, திட்டின் நடுவில் மேடை போட்டிருந்தார்கள். மேடையில் இருப்பவர்களுக்கு ஆறு எதிரே தெரியும். கைதட்டுக் குழுவுக்கு ஆறு முதுகுக்குப் பின்னால். நீச்சலைக் கண்ணால் பார்த்தாவது கற்கலாம் என்று வந்தவள் கோரை. அவளுக்கு மேடை மட்டும்தான் தெரிந்தது.

சிறப்பு விருந்தினர் காட்டெருமை திமிலரசு. வட்டத் தலைவர். அவருக்கு மாலை போட்டார்கள். தின்றுவிட்டார். வெறுங்கழுத்தோடு தலைவர் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று இன்னொரு மாலை போட்டார்கள். அதையும் தின்றார். மாலை மரியாதை மட்டும் ஒரு காலைப் பொழுதை விழுங்கியது. பிறகு தேக்கிலைப் பொன்னாடை. நல்ல வேளை, தேக்கிலை கசக்கும்.

பயிற்சி தருவதற்கு வந்த நீர்நாய் மாஸ்டர் காலையிலிருந்தே ஈர உடம்போடு மேடைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். உடம்பு காய்ந்துவிட்டது.

"செயலாளரே, எப்ப தண்ணில இறங்கலாம்?"

"வரவேற்புரை முடியட்டும் மாஸ்டர்."

முடிந்தது.

"இப்ப?"

"வாழ்த்துரை இருக்கு. அப்புறம் நீங்களும் நீச்சலைப் பத்தி நாலு வார்த்தை பேசணும்."

மாஸ்டரை மேடையில் ஏற்றினார்கள். அவர் தலையைச் சொறிந்தார். "நீச்சல்னா... காலை அடிச்சா வரும். தண்ணில இறங்கினா தெரியும்" என்று சொல்லி இறங்கிவிட்டார். வக்கணை வாலைத் தூக்கினான். மரம் அதிர்ந்தது. மாஸ்டரைப் பற்றி மூன்று பேர் பாராட்டிப் பேசினார்கள். அவரைவிட நீளமாகப் பேசினார்கள்.

பயிற்சி மறுநாளுக்குத் தள்ளிப்போனது. மறுநாள் தலைமையுரை. அதற்கு மறுநாள் தலைமையுரையின் மீதி. மேடையில் தேனப்பன் உட்கார்ந்தபடியே தூங்கியது. கருமந்திக் கிழவர் யார் என்ன பேசினாலும் "மருந்து எப்ப?" என்று கேட்டார்.

திமிலரசுக்கு வளர்ச்சி என்ற சொல் பிடிக்கும். "இளைஞர் வளர்ச்சியே காட்டின் வளர்ச்சி. காட்டின் வளர்ச்சியே புல்லின் வளர்ச்சி. புல்லின் வளர்ச்சியே என் வளர்ச்சி" என்பார். ஒரு மூச்சில் எத்தனை தடவை சொல்வார் என்று வக்கணைக்கே கணக்குத் தவறும். வாலை இறக்க முடியாமல் அவனுக்குச் சுளுக்கிக்கொண்டது. சின்ன உயிர்கள் உதைத்துக்கொண்டே இருந்தன. முதல் நாள் சோர்ந்து விழுந்த எலிக்குஞ்சு கடைசி நாளில் பேச்சு முழுக்க நிறுத்தாமல் உதைத்தது. மூச்சு வாங்கவில்லை.

கடைசி நாள். வெயில் பளீரென்று இருந்தது. பயிற்சிதான் கடைசி நிகழ்ச்சி. ஆனால் திமிலரசு சீக்கிரம் கிளம்ப வேண்டுமாம்.

"அப்ப சான்றிதழை முதல்ல குடுத்துருவோம். பயிற்சி அப்புறம்" என்றான் வக்கணை.

பூவரசு இலையில் நகத்தால் கீறிய சான்றிதழ். 'சிறந்த இளம் நீச்சல் வீரர்' தேனப்பன் தட்டி எழுப்பப்பட்டது. இலையைத் தடவிப் பார்த்தது.

"இதைத் திங்கலாமா?"

"வச்சுக்கணும் தம்பி."

"எதுக்கு?"

வக்கணை வாலைத் தூக்கினான்.

அப்போதுதான் மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே திசையில் பார்த்தார்கள். ஆற்றின் நிறம் மாறியிருந்தது. செம்மண் கலந்து, நுரை கட்டி, முழு மரங்களைச் சுருட்டிக்கொண்டு வளைவில் வந்துகொண்டிருந்தது. கைதட்டுக் குழுவுக்கு இது தெரியாது. அவர்கள் மேடையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

திமிலரசு எழுந்தார். "எனக்கு வேறொரு நிகழ்ச்சி இருக்கிறது" என்றார். மேடையிலிருந்து இறங்கினார். முழங்கால் ஆழத்துத் தண்ணீரை மிதித்துத் தாண்டிக் கரையேறிப் போய்விட்டார். அவருக்கு முழங்கால் ஆழம். முயலுக்கு அது மூன்று முயல் ஆழம்.

வக்கணைக்கும் தெரிந்தது. ஆனால் நன்றியுரை பாக்கி இருந்தது. "இவ்விழாவைச் சிறப்பிக்க வந்து..." என்று அவசரமாக ஆரம்பித்தான்.

கோரையின் பின்னங்காலில் சில்லென்று ஏதோ பட்டது. திரும்பினாள். திட்டைக் காணவில்லை. மரத்தைச் சுற்றி ஆறு.

"தண்ணீ!"

அவ்வளவுதான். மரத்தின் மேல் வரிசையாகக் கிடந்த அத்தனையும் காலை இழுத்து உருண்டையாகின. அலை ஒன்று அடித்தது. மரம் புரண்டது. உருண்டைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தன. நீர்நாய் மாஸ்டர் நடுவில் குதித்து, "சுருளாதீங்க! காலை அடிங்க!" என்று கத்தினார். பயந்தவன் காதில் புத்திமதி ஏறாது. இரண்டு எலிகளைக் கவ்விக்கொண்டு அவர் கரைக்குப் போனார். அவருக்கு இருப்பது ஒரு வாய்.

கோரையும் உருண்டையாகத்தான் விழுந்தாள். முங்கினாள். அம்மா நினைவு வந்தது. ஒரு தடவை மேலே வந்தபோது மேடை கண்ணில் பட்டது. மூங்கில் மேடை ஜம்மென்று மிதந்துகொண்டிருந்தது. மேடையில் இருக்கிறவன் முங்கியதாக எந்தக் காட்டிலும் கதை கிடையாது. தேனப்பன் தூங்கிக்கொண்டிருந்தது. கிழவர் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார். மேடை ஆடியதில் நிலை தடுமாறிய வக்கணை, விழாமல் இருக்க வாலை நட்டுக்குத்தலாகத் தூக்கினான்.

வாலைப் பார்த்ததும் கோரையின் கால்கள் தாமாக உதைத்தன. முன்னங்கால்கள் தாமாகத் தட்டின. அவள் சொல்லி அவை செய்யவில்லை. பழகிய கால் அது. தலை தண்ணீருக்கு மேலே வந்தது. உடம்பு முன்னால் நகர்ந்தது.

ஒரு நொடி அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மறு நொடி புரிந்தது.

"வளர்ச்சி!" என்று கத்தினாள்.

பக்கத்தில் முங்கிக்கொண்டிருந்த கீரி விரிந்தது. தட்டியது. உதைத்தது. மிதந்தது.

"வளர்ச்சி! வளர்ச்சி!"

அணில் விரிந்தது. எலிக்குஞ்சு விரிந்தது. ஆறு முழுக்கப் படபடவென்று சத்தம். இப்படி ஒரு கைதட்டலை அந்தக் காட்டில் எந்தத் தலைவரும் வாங்கியதில்லை. கூட்டம் மொத்தமும் கரையைப் பார்த்து நகர்ந்தது. கோரை கத்துவதை நிறுத்தினால் கால்கள் தளர்ந்தன. கத்தினால் உதைத்தன. அதனால் கத்திக்கொண்டே இருந்தாள்.

பாதி ஆற்றில் ஒரு உருண்டை அவளைத் தாண்டி உருண்டது. முரண்டன். அவன்தான் ஒரு நாளும் தட்டவில்லையே. அவன் காலுக்கு எதுவும் தெரியாது.

கோரை அவன் காதைக் கவ்வினாள். கவ்வியதும் இன்னொன்று தெரிந்தது. வாயில் காது இருந்தால் கத்த முடியாது. முன்னால் போன கூட்டம் தளர ஆரம்பித்தது. எலிக்குஞ்சின் தலை ஒரு தடவை மறைந்தது. காதை விட்டால் அண்ணன் போவான். விடாவிட்டால் எல்லாரும் போவார்கள். போன வருஷம் கரையில் நின்று பார்த்ததே போதும். அவள் விடவில்லை. பல்லை இன்னும் அழுத்தினாள். ரத்தம் வந்தது.

வலியில் முரண்டன் வாயைத் திறந்தான். முன்னால் முங்குகிற கூட்டத்தைப் பார்த்தான். பின்னால் கோரையின் கண்ணைப் பார்த்தான். அவனுக்கும் புரிந்தது.

"வ... வளர்ச்சி" என்றான்.

கோரை இன்னும் கொஞ்சம் கடித்தாள்.

"வளர்ச்சி! வளர்ச்சி! வளர்ச்சி!"

கரை வரும்வரை அவன் நிறுத்தவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது. கடைசியாக எலிக்குஞ்சு சேற்றில் ஏறி நின்று, பழக்கதோஷத்தில் தரையையும் நாலு உதை உதைத்தது.

கரையில் எல்லாரும் மூச்சு வாங்கிக் கிடந்தார்கள். முரண்டன் காதைத் தடவிப் பார்த்தான். ஒரு துண்டு குறைந்திருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல, இவங்க ஒண்ணும் சொல்லித்தர மாட்டாங்கன்னு" என்றான்.

"சொன்னே."

"சொல்லித்தந்தாங்களா?"

"தரலை."

"அப்ப நான் சொன்னது சரிதான?"

"சரிதான். ஆத்துல 'வளர்ச்சி'ன்னு தொண்டை கிழியக் கத்துனது யாரு?"

முரண்டன் ஆற்றைப் பார்த்தான். "தண்ணி குடிச்சுட்டேன்லா. என்ன பேசுதோம்னே தெரியலை."

நீர்நாய் மாஸ்டர் வந்து கோரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "யாரும்மா உங்களுக்குப் பழக்கிவிட்டது? கால் அடிக்கிறது நம்மகிட்ட படிச்ச மாதிரி இருக்கு. நான்தான் ஒருத்தருக்கும் சொல்லித்தரலையே?"

"எங்க வட்டத் தலைவர்தான் மாஸ்டர்" என்றாள் கோரை. "ரொம்ப நேரம் பேசுனாரு."

மேடை கீழாற்றில் ஒரு வளைவில் போய்த் தட்டி நின்றது. நனையாமல் இறங்கினார்கள். வக்கணை நேராக அரண்மனைக்குப் போய், முகாமில் பங்கேற்ற இளைஞர் அனைவரும் பெருவெள்ளத்தைக் கடந்து பத்திரமாகக் கரை சேர்ந்தனர் என்று சொன்னான். அதில் பொய் ஒன்றும் இல்லை. பங்கேற்ற இளைஞர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் பத்திரம். புலிராஜா மகிழ்ந்து வக்கணைக்குப் பதக்கம் கொடுத்தது. தேனப்பனுக்கு ஒரு தேன்கூடு. அதற்காவது பல் வேண்டாம். கைதட்டுக் குழுவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவர்கள் பங்கேற்பாளர்கள் இல்லையே.

அடுத்த வருஷமும் மன்றம் முகாம் அறிவித்தது. அதே மருத மரம். அதே விதி. கோரை வந்து நின்றாள். கூட மூன்று குட்டிகள். பின்னால் முரண்டன்.

வக்கணை பார்த்தவுடன் சொல்லிவிட்டான். "உனக்கு இன்னும் பதினஞ்சு ஆகலையே பிள்ளே?"

"இல்ல அண்ணாச்சி. ரெண்டரைதான் ஆகுது. நாங்க கைதட்ட வந்தோம்."

"குட்டிகளுமா?"

"அதுக்குத்தான் முக்கியமா."

"இவனுமா?" என்று முரண்டனைக் காட்டினான்.

முரண்டன் தலையைத் திருப்பிக்கொண்டான். "எனக்கு முன்வரிசை வேணும்" என்றான் ஆற்றைப் பார்த்து.

வக்கணைக்கு வயிறு குளிர்ந்தது. கோரை கிளம்பவில்லை. தயங்கி நின்றாள்.

"இன்னும் என்ன பிள்ளே?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நம்ம வட்டத் தலைவர் இந்த வருஷம் இன்னும் கொஞ்சம் கூடுதலாப் பேசுவாரா? கடைசிக் குட்டிக்குக் கால் திடம் பத்தலை."

வக்கணைக்குக் கண் கலங்கிவிட்டது. இளைஞர் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று மேடையில் முதல் நாளே பேசினான். பக்கத்து நாற்காலியில் இருந்த இளைஞருக்குக் கொட்டாவி வந்தது. பல் ஒன்றுகூட இல்லை.

நீதி: கை தலைவருக்காகத் தட்டட்டும், குற்றமில்லை. கால் உனக்காக உதைக்கட்டும்.